விசில் ஊதும் முன்பே: வட கரோலினா நாட்குறிப்பு

டிசம்பர் 5, 2024, வியாழன். மோரிஸ்வில்

ராலே-டர்ஹாம் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போது மணி ஐந்தரை. நன்றாக இருட்டிவிட்டது. காரில் ஏறியதும் அக்கா ஒரு கம்பளிக் குல்லாவை என் தலையில் மாட்டினாள். வெளிர்நீலம். "இந்த ஊர்ல இந்த நீலத்தைப் போட்டா பாதிப் பேர் சிரிப்பாங்க, பாதிப் பேர் முறைப்பாங்க" என்றார் அத்தான். சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் நிறம் அது. அடுத்த ஊரில் இருக்கிற டியூக் பல்கலைக்கழகத்துக்கு அடர்நீலம். இரண்டுக்கும் நடுவே பதினாறு கிலோமீட்டர் தூரம்தான்.

நாளையும் வரும் திங்கட்கிழமையும் இங்கே கேரி நகரத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்தின் அரையிறுதியும் இறுதியும் நடக்கின்றன. அக்கா வீட்டிலிருந்து கால் மணி நேரப் பயணம். இந்த வருஷம் மிச்சம் இருக்கும் நான்கு அணிகளில் மூன்று இந்த மாநிலத்தவை: கரோலினா, டியூக், வேக் ஃபாரஸ்ட். நான்காவது, கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ஸ்டான்ஃபோர்ட். வருஷக்கணக்காக "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு, நான் கடைசியில் மாட்ச் பார்க்கத்தான் வந்தேன் என்பதில் சின்ன வருத்தம். இருக்கட்டும்.

ஏன் வந்தேன் என்பதை இன்றே எழுதிவிடுகிறேன். கல்லூரியில் நான் டிஃபெண்டர். ஒரு வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரணி, தொடர்ந்து நாலு வருஷமாகக் கோப்பையைக் கொண்டுபோன அணி. அவர்கள் வேனிலிருந்து இறங்கியதை இப்போதும் படம் போலச் சொல்வேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி டிராக் சூட், ஒரே மாதிரி பை, எங்கள் பக்கம் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் கேப்டன் எங்களை வட்டமாக நிற்கவைத்துச் சொன்னாள்: "அஞ்சு கோலுக்குள்ள முடிச்சிட்டாப் போதும்டி." ஆறு வாங்கினோம். அவள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. நாங்கள் எல்லோரும் மனசுக்குள் நினைத்ததைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

இப்போது மாலை நேரங்களில் ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஐந்து கோல் கணக்கு எங்கிருந்து எங்கள் தலைக்குள் வந்தது என்பது என்னை விடவே இல்லை. உலகத்தில் அந்தக் கணக்கை மற்றவர்கள் தலையில் அதிகம் எழுதிய அணி எது என்று பார்த்தால், கரோலினா பெண்கள்தான். என்சிஏஏ, அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், கொடுக்கும் பட்டம் மட்டும் 21. அதற்கு முன்பு, என்சிஏஏ பெண்கள் கால்பந்துக்குப் போட்டி நடத்தாத காலத்தில், 1981-ல் வேறொரு சங்கத்தின் பட்டம் ஒன்று. 1986 முதல் 1994 வரை ஒன்பது வருஷம் இடைவெளியே இல்லை.

தூக்கம் வருகிறது. மீதி நாளை.

டிசம்பர் 6, வெள்ளி. கேரி

அக்கா மகளுக்கு வயது பதினான்கு. இங்கே ஒரு கிளப்பில் ஆடுகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "சித்தி, நேரத்தோட போகணும், வார்ம்-அப் பாக்கணும்" என்று பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் சொன்னது சரிதான். நான் தேடி வந்ததில் பாதியை வார்ம்-அப்பிலேயே பார்த்தேன்.

குளிர் கொடுமை. கேலரியின் அலுமினியப் பலகையில் போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். கரோலினாப் பெண்கள் சின்னக் கட்டத்துக்குள் பந்து கடத்தும் பயிற்சி செய்தார்கள். எல்லா அணியும் செய்வதுதான். ஆனால் பந்தை விட்டவள் நடுவே போகும்போது சுற்றி நிற்பவர்கள் சிரிக்கவில்லை, "பரவால்ல" என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. அவள் ஓடி உள்ளே வந்தாள், அடுத்த பந்துக்கே பாய்ந்தாள். வார்ம்-அப்பில் யார் பாய்வார்கள்?

அக்கா மகள் கையிலிருந்த சாக்லேட் பாலைக் கீழே வைத்துவிட்டு எனக்கு விதிகளைச் சொன்னாள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆட்களை மாற்றும் விதி நம்முடையது போல இல்லை. முதல் பாதியில் வெளியே போனவள் அந்தப் பாதியில் திரும்ப முடியாது. ஆனால் இரண்டாம் பாதியில் வெளியே போனவள் ஒரு தடவை திரும்ப வரலாம். எத்தனை பேரை மாற்றலாம் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஐந்து என்ற வரம்பு கிடையாது. கரோலினா இந்த விதியை ஆயுதமாகவே மாற்றி வைத்திருக்கிற அணி. இவர்களுக்கு நாற்பது வருஷத்துக்கும் மேல் பயிற்சி கொடுத்த ஆன்சன் டோரன்ஸ், முன்வரிசையை மூச்சு முட்டும் வரை ஓடவிடுவார். எதிரணி டிஃபெண்டர்கள் பந்தைத் தொட்ட நொடியே மேலே விழவேண்டும். அந்த வரிசை களைத்தால் வெளியே இழுத்து, அதே வேலைக்கு அடுத்த வரிசையை இறக்குவார். எதிரணிக்கு எப்படி இருக்கும்? இருபது நிமிஷம் அடித்த அலையைத் தாங்கி, அப்பாடா என்று நிமிரும்போது, தலைமுடிகூடக் கலையாத மூன்று புதுப் பெண்கள் எதிரே நிற்பார்கள்.

டிஃபெண்டராக இருந்தவள் என்பதால் இதை என் காலாலேயே உணர முடிகிறது. களைப்பு முதலில் காலில் வருவதில்லை, நினைப்பில் வருகிறது. "இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று ஒருத்தி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் அன்றைக்கு அவள் கதை முடிந்தது.

இன்றைய அரையிறுதியில் டியூக், தன் பிரிவுத் தரவரிசையில் முதலிடம், கரோலினா தன் பிரிவில் இரண்டாமிடம். தரவரிசைப்படி டியூக் ஜெயித்திருக்க வேண்டும். 3-0. கரோலினா.

கோல்களை விட ஒரு சின்னக் காட்சி எனக்குள் தங்கியிருக்கிறது. எங்கள் கண்ணுக்கு நேர் கீழே, கோட்டை ஒட்டி, கரோலினாக்காரி ஒருத்தி பந்தை மோசமாகத் தொட்டு இழந்தாள். நம் பிள்ளைகளாக இருந்தால் கையை விரிப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், பாஸ் கொடுத்தவளை முறைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்வேன். இவள் தொட்டு முடித்த அடுத்த காலடியே திரும்பும் காலடியாக இருந்தது. பந்து திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் எதிராளியை ஓரத்துக்குத் தள்ளி வெளியே அடிக்க வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் இடத்துக்கு நடந்தாள். தப்புச் செய்வதற்கும் தப்பை மறப்பதற்கும் நடுவே அவளுக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது.

வேக் ஃபாரஸ்ட் 1-0 என்று ஸ்டான்ஃபோர்டை வென்றுவிட்டது. அவர்களுக்கு இதுதான் முதல் இறுதி ஆட்டம். அப்படியானால் திங்கட்கிழமை எதிரும் புதிரும் இரண்டும் வட கரோலினாதான். அத்தானுக்கு ஒரே குஷி. இவ்வளவு நாள் கூடைப்பந்து மட்டும் பார்த்தவர்.

டிசம்பர் 7, சனி. சேப்பல் ஹில்

காலையில் அத்தான் காரில் கொண்டுபோய் ஃபிராங்க்ளின் தெருவில் இறக்கிவிட்டார். வெயில் இருந்தது, சூடு இல்லை. செங்கல் பாவிய நடைபாதைகள், பெரிய ஓக் மரங்கள், நடுவில் நான்கு பக்கமும் திறந்த சின்ன மண்டபம் போல 'ஓல்ட் வெல்' கிணறு. வகுப்புகள் தொடங்கும் முதல் நாள் இதில் தண்ணீர் குடித்தால் நல்ல மார்க் வரும் என்பது இங்கே நம்பிக்கை. அக்கா மகள் இன்னும் ஒன்பதாம் வகுப்புதான், இருந்தாலும் ஒரு வாய் குடித்து வைத்தாள்.

மணிக்கூண்டைத் தாண்டி சவுத் ரோட்டில் நடந்தால் மைதானம். 1930-களில் கட்டிய ஃபெட்சர் மைதானம் இருந்த அதே இடத்தில், 2019 முதல் புது அரங்கம். களத்துக்கு டோரன்ஸின் பெயரையே வைத்துவிட்டார்கள். கம்பி வேலிக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். காலியான புல்தரைதான். எனக்கு அங்கே கூட்டம் கேட்டது.

டோரன்ஸ் பிறந்தது பம்பாயில், 1951-ல். அப்பா எண்ணெய் நிறுவன அதிகாரி என்பதால் நாடு நாடாக வளர்ந்தவர். இங்கேயே படித்து, சட்டம் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டுப் பயிற்சியாளர் ஆனார். 1979-ல் பெண்கள் அணி தொடங்கியபோது அதுவும் அவர் கைக்கு வந்தது. இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். அப்போது பெண்களுக்குக் கால்பந்து அணி வைத்திருந்த கல்லூரிகள் குறைவு. 1982-ல் முதல் என்சிஏஏ போட்டியில் மொத்தமே 12 அணிகள். சீக்கிரம் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த லாபத்தை மனவலிமை என்று சொல்லக்கூடாது. ஆனால் முதலில் தொடங்கிய எல்லோரும் ஒன்பது வருஷம் தொடர்ந்து ஜெயித்துவிடவில்லையே.

1983-ல் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என்று ஒரு பெண் முதலாம் ஆண்டு மாணவியாக வந்து சேர்ந்தாள். பயிற்சியில்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். சீனியர், தோழி, எதுவும் பார்க்காமல் எல்லோரையும் தோற்கடிப்பாள். மற்றவர்கள் டோரன்ஸிடம் போய், இவளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று புகார் சொன்னார்கள். இவளை மாதிரி இன்னும் பத்துப் பேரை எப்படி உண்டாக்குவது என்றுதான் அவர் யோசித்தாராம். பெண்பிள்ளைகள் எதிரணியோடு மோதத் தயங்குவதில்லை, கூட இருக்கும் தோழியோடு மோதத்தான் தயங்குகிறார்கள் என்பது அவருக்குப் பிடிபட்டது அப்போதுதான். ஹைன்ரிக்ஸ் பிற்பாடு 1991-ல் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்குக் கேப்டன். அந்த அணியின் பயிற்சியாளரும் டோரன்ஸ்தான்.

வழி பக்கத்துக் கட்டடத்திலேயே கிடைத்தது. இதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித், பயிற்சியில் நடக்கும் ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தோடு ஆட்களை நிற்கவைத்துக் குறித்துக்கொள்வார். டோரன்ஸ் அதைப் பார்த்து வந்து கால்பந்துக்கு மாற்றினார். ஒருத்திக்கு ஒருத்தி மோதல், ஓட்டம், தலையால் அடிப்பது, கோல் அடிப்பது, எல்லாவற்றுக்கும் ஜெயிப்பு தோற்பு எழுதி, யார் முதலிடம் யார் கடைசி என்று எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிடுவார். போட்டிக் கொப்பரை என்று அதற்குப் பெயர். கொப்பரையில் கொதிக்கிறவள் வாரம் ஐந்து நாள் தோற்கிறாள். யாரிடம்? நாட்டிலேயே சிறந்த இருபது பேரிடம். ஆறாம் நாள் வேறு கல்லூரி வந்து நின்றால் அது அவளுக்கு லேசான நாள்.

என் கல்லூரி நாளின் அந்த டிராக் சூட் பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்க்காததற்குத் திமிர் என்று அன்று பெயர் வைத்தோம். அவர்கள் அன்று காலையிலேயே எங்களைவிடக் கடினமான ஆட்களோடு ஆடி முடித்துவிட்டு வந்திருக்கலாம்.

இந்த அணிக்கு நடந்தவற்றை வேலியைப் பிடித்தபடி அக்கா மகளுக்குச் சொன்னேன். 103 ஆட்டம் தோற்காமல் போன கரோலினாவை 1990 செப்டம்பரில் கனெக்டிகட் பல்கலைக்கழகம் 3-2 என்று தன் ஊரில் வீழ்த்தியது. மாயை உடைந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அதே வருஷ இறுதி ஆட்டம் இங்கே, அதே கனெக்டிகட்டோடு. 6-0. 1992 இறுதியும் இங்கேதான், டியூக்கோடு 9-1. இங்கே ஆடிப் பின்னால் உலக நட்சத்திரமான மியா ஹாமுக்கு மட்டும் மூன்று கோல். ஆனால் 9 வாங்கிய டியூக் 1994-ல் 3-2 என்று ஜெயித்து, 101 ஆட்டம் தோற்காத இன்னொரு வரிசையை முடித்துவைத்தது. அதற்குச் சில நாள் முன்பு நோட்டர் டேம் 0-0 என்று டிரா செய்து, தொடர்ந்து 92 ஆட்டம் ஜெயித்த ஓட்டத்தை நிறுத்தியிருந்தது.

அந்த 0-0 எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான ஸ்கோர். ஜெயிக்கவில்லை, தோற்கவில்லை என்பது மட்டும்தான். ஆனால் 92 ஆட்டங்களில் எதிரணிகள் முடியாது என்று ஏற்றுக்கொண்டதை ஒரு அணி ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டே மாதத்தில் இறுதி ஆட்டத்தில் அதே நோட்டர் டேமை கரோலினா 5-0 என்று நசுக்கியது. அப்போது நோட்டர் டேம் பெண்கள் எங்கள் கேப்டனைப் போல "இவ்வளவுதான்" என்று முடித்திருக்கலாம். அடுத்த வருஷம், 1995 அரையிறுதியில், இதே ஃபெட்சரில், கரோலினாவின் சொந்தக் கூட்டத்துக்கு நடுவே 1-0 என்று ஜெயித்தார்கள். அதுவும் கரோலினா தனக்குத் தானே போட்டுக்கொண்ட கோல். பிறகு பட்டத்தையும் கொண்டுபோனார்கள். அந்த ஒன்றோடு ஒன்பது வருஷ ஓட்டம் நின்றது.

"சேம் சைடு கோல்னா அது லக் தானே சித்தி?" என்றாள். 92 பேருக்கு அந்த லக் வரவில்லை என்றேன். அவள் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மியா ஹாம் கதை ஒன்றும் உண்டு. காலையில் காரில் வந்துகொண்டிருந்த டோரன்ஸ், அவள் தனியாக, யாரும் இல்லாத இடத்தில், வியர்வை ஒழுகக் குனிந்து மூச்சு வாங்கி, மறுபடி ஓடுவதைப் பார்த்தார். வண்டியை நிறுத்தவில்லை. பின்னால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: யாரும் பார்க்காதபோது இப்படி நிற்கிறவள்தான் சாம்பியன் என்கிற பொருளில். அமெரிக்காவில் பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்லும் கதை இது.

இன்னொரு பக்கத்தை எழுதாமல் போனால் என் பிள்ளைகளுக்கு நான் உண்மையாக இல்லை. 1998-ல் இரண்டு முன்னாள் வீராங்கனைகள் டோரன்ஸ் மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் பாலியல் தொந்தரவு வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி அவர் பேசினார், கேட்டார் என்பது புகார். ஒரு வழக்கு 2004-லும் இன்னொன்று 2008-லும் சமரசத்தில் முடிந்தன. 2008-ல் பல்கலைக்கழகம் 3,85,000 டாலர் கொடுத்தது, அவரும் மன்னிப்புக் கேட்டார். ஒரு பெண்ணின் மனசுக்குள் புகுந்து அவளை வலுவாக்க முடிகிற ஒருவர், எந்த வாசலோடு நிற்கவேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 21 பட்டமும் அந்தப் பெண்களுக்குப் பதில் ஆகாது. மைதானத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதுவும் கூடவே ஞாபகம் வந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு. கேரி

காலை வெங்கடேஸ்வரர் கோயில். 2022-ல் எழுப்பிய 87 அடி ராஜகோபுரம், பைன் மரங்களுக்கு மேலே தெரிகிறது. கீழே கேன்டீனில் நல்ல இட்லி. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம்.

மதியம் பூங்காவில் அக்கா மகளும் அவளுடைய கிளப் தோழிகள் மூன்று பேரும். என் கை சும்மா இருக்கவில்லை. "கொப்பரை வைக்கலாமா?" என்றேன். இரண்டு பக்கமும் கூம்பு வைத்துச் சின்ன கோல். ஒருத்திக்கு ஒருத்தி, இரண்டு நிமிஷம். நாலு பேர், ஆறு ஆட்டம். எழுதப் பேப்பர் இல்லாமல், கோயில் அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன்.

முதல் நாலு ஆட்டத்தில் சிரிப்பும் கத்தலும். பச்சை பூட் போட்ட பெண் மற்ற மூவரையும்விட ஒரு படி மேல் என்பது உடனே தெரிந்தது. ஐந்தாவது ஆட்டம், அவளுக்கும் அக்கா மகளுக்கும். இருவரும் உயிர்த் தோழிகள். 1-1. கடைசிப் பத்து நொடியில் பச்சை பூட் அக்கா மகளைத் தாண்டிவிட்டாள். எதிரே காலி கோல், நாலடி தூரம். அவள் பாதத்தின் உட்புறத்தால் பந்தை மெதுவாகத் தள்ளினாள். கூம்புக்கு ஒரு சாண் வெளியே போனது. பந்து போவதற்கு முன்பே அவள் கண் தோழியின் முகத்துக்குப் போய்விட்டதை நான் பார்த்தேன். திரும்ப எடுத்து வந்த பந்தில் அக்கா மகள் அடித்தாள். 2-1.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சீட்டில் 2-1 என்று எழுதினேன். அதன்படி அக்கா மகள் முதலிடம்.

1983-ல் டோரன்ஸ் பார்த்தது இதைத்தான். எனக்கு அந்தப் பச்சை பூட் பெண்மேல் பிரியம்தான் வந்தது. தோழிக்காக விட்டுக்கொடுக்கிற மனசு கெட்ட மனசா என்ன? ஆனால் நாளைக்கு அவள் இன்னொரு அணியோடு மோதும்போது, காலி கோலுக்கு முன்னால் அந்தக் கால் தயங்கப் பழகியிருக்குமே என்ற பயமும் வந்தது. இரண்டையும் ஒரே பிள்ளையிடம் எப்படிக் காப்பாற்றுவது? ஊரில் என்னிடம் இருக்கும் இருபத்திரண்டு பேருக்கும் இந்தக் கேள்வி உண்டு. தரவரிசையைச் சுவரில் ஒட்டினால் கடைசிப் பெயர் என்ன ஆகும் என்று நினைத்துத்தான் இவ்வளவு காலம் ஒட்டாமல் இருக்கிறேன்.

அக்கா அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். அக்கா மகள் இரவுச் சாப்பாட்டின்போது அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள். கேரி

இறுதி ஆட்டம்.

உள்ளே போனதும் நான் முதலில் பார்த்தது கடிகாரத்தை. கல்லூரிக் கால்பந்தில் கடிகாரம் பின்னோக்கி ஓடும். 45:00-ல் தொடங்கிப் பூஜ்யத்துக்கு இறங்கும். ரெஃபரி மனசு வைத்துச் சேர்க்கும் நிமிஷம் கிடையாது. எல்லோர் கண்ணுக்கும் எதிரே நேரம் கரைந்துகொண்டே இருக்கும்.

இதே மைதானம், 2022 இறுதி. கரோலினா, லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக அணியான யுசிஎல்ஏ-வோடு 2-0 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டையும் அடித்தது ஏவரி பேட்டர்சன். 80-ஆவது நிமிஷத்தில் யுசிஎல்ஏ ஒன்றைத் திருப்பியது. கடிகாரத்தில் 16 விநாடி மிச்சம் இருக்கும்போது ரைலின் டர்னர் தலையால் அடித்து 2-2. கூடுதல் நேரத்தில் மாரிகார்மென் ரெய்ஸ் மூன்றாவதை அடித்தார். முடிந்தது. 16 விநாடி! நம் ஊர்க் கூட்டம் இரண்டு தடவை "ஓ" போடும் நேரம். முப்பது வருஷத்துக்கு முந்தைய எதிரணியாக இருந்திருந்தால், 2-0 ஆனதுமே "மானத்தோட முடிச்சிடலாம்" என்று ஆடியிருப்பார்கள். யுசிஎல்ஏ பெண்களுக்கு அந்தப் பயம் பரம்பரையாகக் கைக்கு வரவில்லை. இப்போது முதல் பிரிவில் 300-க்கும் மேல் அணிகள், போட்டிக்குள் வருவதே 64. எல்லோரும் சின்ன வயதிலிருந்தே நல்ல கிளப்களில் ஆடி வருகிறார்கள். 2012-க்குப் பிறகு கரோலினா ஒரு பட்டமும் வாங்கவில்லை. இடையில் மூன்று இறுதி ஆட்டங்களில் தோல்வி: 2018-ல் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம், 2019-ல் ஸ்டான்ஃபோர்டிடம் பெனால்டியில், 2022-ல் இது. பழைய பெயரைக் கேட்டு யாரும் காலை பின்னால் வைப்பதில்லை. கரோலினாவே அந்தப் பெயரைத் தூக்கிச் சுமக்கிறதோ என்றுகூடத் தோன்றும்.

போதாததற்கு, இந்த ஆகஸ்டில், சீசன் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது, டோரன்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். 45 சீசன், 900-க்கும் மேல் வெற்றி, ஒரே ஆள். பல வருஷம் உதவியாளராக இருந்த டேமன் நாஹஸை இடைக்காலமாக உட்கார வைத்தார்கள். அணியிலும் நிறையப் புது முகங்கள். அப்படி ஒரு வருஷத்தில் இவர்கள் இறுதிக்கு வந்திருக்கிறார்கள்.

முதல் பாதி 0-0. வேக் ஃபாரஸ்ட் பெண்கள் முகத்தில் நான் பயத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. முதல் இறுதி என்ற படபடப்பு இருந்தது, அது வேறு. பந்து கிடைத்ததும் நிமிர்ந்து பார்த்தார்கள். பயந்தவள் கீழே பார்த்துக் கண்மூடித்தனமாக அடிப்பாள். நான் அப்படித்தான் ஆறு கோல் ஆட்டம் முழுக்க அடித்தேன்.

62-ஆவது நிமிஷம், ஒலிவியா தாமஸ், கோல். 1-0. எங்களைச் சுற்றி வெளிர்நீலம் எல்லாம் எழுந்து நின்றது. அக்கா மகள் என் தோளில் ஏறாத குறை.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான ஆட்டம். 28 நிமிஷம் ஒரு கோலைக் காப்பாற்ற வேண்டும், இந்த மைதானத்தில், இந்தக் கடிகாரத்தின் கீழே. நான் பந்தை விட்டுவிட்டு கரோலினா டிஃபெண்டர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருத்தி தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்க்கிறாளா? 20:00. 15:00. வேக் ஃபாரஸ்ட் மேலே மேலே வந்தது. கோல்கீப்பர் கிளேர் கேன்யே உயரப் பந்துக்கு வரும்போதெல்லாம் என் வயிறு சுருங்கியது. 5:00. ஒருத்தி பார்த்தாள். ஒரே ஒருத்தி. பக்கத்தில் நின்றவள் அவள் கையை ஒரு தட்டுத் தட்டினாள், அவ்வளவுதான், இருவரும் பந்துப் பக்கம் திரும்பினார்கள்.

0:16 வந்தபோது நான் மூச்சு விடவில்லை. பந்து கரோலினாவின் கோலிலிருந்து தள்ளி இருந்தது. 0:00.

22-ஆவது என்சிஏஏ பட்டம். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, அந்த மனிதர் இல்லாமல் முதல் தடவை. கொப்பரையை ஏற்றி வைத்தவர் போன பின்னும் அது கொதித்துக்கொண்டிருக்கிறது. புல்லில் குவிந்து கிடந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் 2012-ல் முன்பல் விழுந்த குழந்தைகள். அவர்களுக்கு அந்த ஒன்பது வருஷ ஓட்டம் அம்மாக்கள் சொல்லும் கதை. ஆனால் தினமும் தோழியிடம் தோற்று, மறுநாள் அவளோடேயே திரும்ப மோதும் பழக்கம் கதை இல்லை, போன வாரம் நடந்தது. இந்த அணியின் பலம் பழைய கோப்பைகளில் இருக்கிறது என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். இந்த ஐந்து நாளில் அந்த நினைப்பு மாறிவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் வேக் ஃபாரஸ்ட் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் அப்பா தோளில் அழுதுகொண்டிருந்தாள். அடக்க முடியாத அழுகை. அதைப் பார்த்து எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. எங்கள் ஆறு கோல் ஆட்டம் முடிந்த அன்று எங்களில் ஒருத்தியும் அழவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய். மோரிஸ்வில்

மதியம் விமானம். பெட்டியில் அக்கா திணித்த பாதாம் பொட்டலங்கள், குல்லா, நேற்றைய டிக்கெட்.

காலை ஆறரைக்குக் காபி போட எழுந்தேன். அக்கா மகள் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. பென்சில் பாக்ஸிலிருந்து பேனாவை எடுத்து, அர்ச்சனைச் சீட்டில் 2-1 என்று இருந்ததை ஒரு கோட்டால் அடித்தாள். பக்கத்தில் 'சனிக்கிழமை, மறுபடி' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். பச்சை பூட்டுக்காரியின் பெயரைத் தன் பெயருக்கு மேலே அம்புக்குறி போட்டு ஏற்றினாள். காந்தத்தை அழுத்தி ஒட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

காபியை வைத்துவிட்டு அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.